எப்புடி டீச்சர்

பிழையான விடையைக் கண்டால் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்குக் கோபம் வரும். கோபம் தீர்ந்த வயதில் அலுப்பு வரும். அவருக்கு மட்டும் முகம் மலர்ந்துவிடும். திருத்திக்கொண்டிருக்கும் கொப்பியைக் கிட்டே இழுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி, "இது எப்புடி வந்துச்சு?" என்பார். யாரிடமும் இல்லை, கொப்பியிடம்தான். பிறகு அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு அதையே கேட்பார். சேர்ந்து ஒரு மாதம் ஆவதற்குள் பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டார்கள்: எப்புடி டீச்சர்.

லிந்துலைக்கும் தலவாக்கலைக்கும் நடுவே, பஸ் ரோட்டிலிருந்து படி ஏறிப் போகிற பாடசாலை எங்களுடையது. கணிதத்துக்கு இரண்டே பேர், நானும் அவரும். அவர் வருவதற்கு முன் பதினோராம் தரம் என் கையில் இருந்தது. பட்டமும் பயிற்சியும் முடித்த ஆள் ஒருவர் வந்ததும் அதிபர் பத்தையும் பதினொன்றையும் அவரிடம் கொடுத்துவிட்டு, என்னை ஆறு முதல் ஒன்பதுக்கு இறக்கிவிட்டார். அவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். எனக்கு அது பிடிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் சொல்வதை அதையும் சேர்த்தே நிறுத்துக்கொள்ளுங்கள்.

தினமும் ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வருவார். வாப்பாவுக்கு அங்கே துணிக்கடை. வந்த முதல் வாரம் ஆசிரியர் அறையில் என்னிடம், "சேருக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். நோர்வூட் என்றேன். நோர்வூட் டவுனும் நோர்வூட்தான், அதற்கு மேலே மலையில் இருக்கிற தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயங்களும் நோர்வூட்தான். எது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இருபது வருடமாக யாருக்கும் நான் அதைச் சொன்னதில்லை.

அந்தக் கேள்வி வகுப்போடு நிற்கிற வியாதி அல்ல. தலவாக்கலையில் ஒரு தையல்கடையில் சட்டைத் துணி கொடுத்திருந்தார். தைத்து வந்தது தொளதொளவென்று இருந்தது. வேறு யாராவது என்றால் கடை வாசலில் நின்று நாலு வார்த்தை கேட்டிருப்பார்கள். இவர் போய்த் தையல்கார அண்ணனிடம் நிதானமாக, "நானா, இது எப்புடி வந்துச்சு?" என்று கேட்டிருக்கிறார். அரை மணி நேர விசாரணைக்குப் பிறகு தெரிந்தது: முன்னால் நின்று அளவெடுக்கும் தம்பியின் அளவு நாடாவில் முதல் அங்குலம் கிழிந்து போயிருந்தது. உள்ளே துணி வெட்டும் அண்ணனின் நாடா முழுசு. தம்பி முப்பத்து நாலு என்று எழுதினால் உண்மையில் முப்பத்து மூன்று. அண்ணன் முப்பத்து நாலாகவே வெட்டுவார். இரண்டு பேரும் அந்தக் கிழிந்த நாடாவையே பிடித்திருந்தால் ஒரு பிழை இன்னொன்றைச் சாப்பிட்டிருக்கும். எத்தனை மாதமாக இது நடந்ததோ, டவுனில் பாதிப் பெண்கள் தாங்கள் மெலிந்து வருவதாக நினைத்துச் சந்தோஷமாக இருந்திருக்கிறார்கள். அவர் போய் அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தார்.

வகுப்பில் அது முதலில் எடுபடவில்லை. எங்கள் பிள்ளைகளுக்குப் பிழை என்றால் என்ன என்று தெரியும். சிவப்பு மையால் ஒரு புள்ளடி, கூட ஒரு வசவு, அதோடு விஷயம் முடிந்தது. இவர் புள்ளடி போட மாட்டார். எழுப்பி நிறுத்தி, சிரித்த முகத்தோடு, எப்படி வந்தது என்று கேட்பார். அது பொலிஸ் விசாரணை போல இருந்தது அவர்களுக்கு. "அடிச்சிட்டு விட்டாலும் பரவால்ல சேர்" என்று ஒரு பையன் என்னிடம் வந்து முறையிட்டான். ஒரு பிள்ளை அழுதேவிட்டது. அவர் அழுகை நிற்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடியும் அதையே கேட்டார். அன்றைக்கு எனக்கு அவர் மேல் கொஞ்சம் பயமே வந்தது.

மறை எண்கள், அதாவது பூச்சியத்துக்குக் கீழே உள்ள எண்கள், நடந்த வகுப்பொன்றை நான் யன்னலுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். மறை ஒன்றா, மறை மூன்றா, எது பெரிது என்பது கேள்வி. ஒரு பையன் மறை மூன்று என்றான்.

"எப்புடி வந்துச்சு?"

"மூணுன்னா பனி கூட டீச்சர். தேயிலை கருகிரும்."

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நுவரெலியாப் பக்கம் தை மாதத்தில் விடியற்காலையில் புல் வெள்ளையாகிற குளிர் அவன் லயத்திலும் விழுகிறது.

"குளிரு கூடத்தான். சரியாத்தான் சொல்றீங்க. அப்ப சூடு?"

"சூடு கொறையும்."

"தெர்மாமீட்டர்ல நாம எழுதுறது குளிரையா, சூட்டையா?"

பையன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "அப்ப ஒண்ணு தான் டீச்சர் பெரிசு" என்றான். நானும் அதே பாடத்தை நடத்தியிருக்கிறேன். எண் கோட்டைக் கீறி, இடது பக்கம் போகப் போகச் சிறிது, மனப்பாடம் பண்ணு என்பேன். நேரமும் மிச்சம்.

நேரம்தான் அவருக்கும் எனக்கும் சண்டை. நான் பதினோராம் தரம் எடுத்த காலத்தில் இரண்டாம் தவணை முடிவதற்குள் பாடத்திட்டம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு கடந்தகால வினாத்தாள்கள்தான். வருகிற கேள்வி எது, பாஸாவதற்குப் போதுமானது எது என்று பொறுக்கி எடுத்து ஊட்டிவிடுவேன். தேறுகிறவன் தேறுவான். இவரோ பத்தாம் தரத்தில் போய்ப் பின்னத்தில் உட்கார்ந்திருந்தார். "பின்னம் ஐந்தாம் வகுப்புப் பாடம் டீச்சர்" என்றேன். "ஐந்தாம் வகுப்புல எப்புடியோ வந்தது இன்னும் போகல்ல சேர்" என்றார். அவரிடம் ஒரு தடித்த கொப்பி இருந்தது. பக்கத்துக்கு மூன்று கட்டம்: விடை, யார், எப்படி வந்தது. பிழைகளை அதில் சேர்த்து வைப்பார். பிள்ளை பதில் சொல்லும்வரை மூன்றாம் கட்டத்தில் அவராக எதையும் எழுத மாட்டார். ஊகம் எழுதக் கூடாதாம்.

இனி தர்ஷினியைச் சொல்ல வேண்டும். பக்கத்துத் தோட்டத்து மேல் டிவிசன் லயத்திலிருந்து வருகிற பிள்ளை, பதினோராம் தரம், ஓ எல் பரீட்சை எழுத வேண்டிய வருடம். மற்றப் பாடங்களில் மோசமில்லை. கணக்கு மட்டும் தவணைக்குத் தவணை விழுந்துகொண்டிருந்தது. வருடத் தொடக்கத்தில் அவளுடைய அப்பா ஒரு நாள் வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நின்றுகொண்டே பேசினார். "கணக்கு வராதுன்னா இப்பவே சொல்லிருங்க டீச்சர். கொழும்புல ஒரு கடையில ஆள் கேக்குறாங்க. வர்ற மாசமே அனுப்பிருவேன்."

"ஓ எல் முடியும் வரைக்கும் விடுங்க. வரும்."

"சரி, ஒங்களுக்காக விடுறேன். ஆனா ஸ்கூல்ல இருந்து ஏதாச்சும் பிரச்சினைன்னு வந்துச்சு, அடுத்த பஸ்ஸு கொழும்புக்குத் தான்."

அவர் கெட்டவர் இல்லை. மூத்தவளை அப்படித்தான் அனுப்பினார். எங்கள் பக்கத்தில் ஒரு தடவை படிப்பை விட்டு நின்ற பிள்ளை பிறகு படியேறி வந்ததாக நான் பார்த்ததில்லை.

அந்த வருடம் இரண்டாம் தவணைப் பரீட்சைக்கு, ஒருவர் வகுப்புக்கு மற்றவர் வினாத்தாள் போட்டுத் திருத்த வேண்டும் என்று அதிபர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். பதினோராம் தரத்துக்கு நான் போட்டேன். பிள்ளைகளின் சூழலிலிருந்து கேள்வி எடுக்கும்படி வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து அடிக்கடி சொல்வார்கள். அதற்காக ஒன்று சேர்த்தேன்: ஒரு தொழிலாளி நாளொன்றுக்குப் பதினெட்டுக் கிலோ கொழுந்து எடுக்க வேண்டும். ஒரு நாள் அவர் பதினைந்து கிலோ எடுத்தார். எடுக்க வேண்டியதில் எத்தனை பங்கை அவர் எடுத்தார்? பின்னத்தில் எழுதுக. விடை ஆறில் ஐந்து. சும்மா கிடைக்கிற புள்ளி என்று நினைத்தேன்.

ஒன்பது பிள்ளைகள் அரை என்று எழுதியிருந்தார்கள். செய்கை எதுவும் இல்லை. வெறும் இரண்டில் ஒன்று. ஒன்பது பேரும் மேல் டிவிசன், ஒன்றாக வந்து ஒரே பக்கம் உட்காருகிறவர்கள். மூன்றாவது தாளைத் திருத்தும்போதே அந்த அரை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. புள்ளடி போட்டுக்கொண்டே போனேன்.

மேற்பார்வைக்கு நின்ற உப அதிபர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஒன்பது பேருக்கு ஒரே பிழை எப்படி வரும்?" என்றார். விஷயம் அதிபரிடம் போனது. அவர் கறாரான மனிதர். ஓ எல் வருடத்தில் களவை வளரவிட முடியாது என்றார். ஒன்பது பேரும் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு வந்தால்தான் வகுப்புக்குள் வரலாம் என்று மறுநாள் காலைக் கூட்டத்தில் அறிவித்தார். தர்ஷினி வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கொழும்புக்குப் போய்விட்டாள் என்றே நான் நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டு எட்டாம் தரத்துக்குப் பாடம் எடுக்கப் போனேன்.

எப்புடி டீச்சர் அந்த ஒன்பது தாள்களையும் வாங்கிக்கொண்டு ஆசிரியர் அறை மூலையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டார். யாரைப் பார்த்து எழுதினாய் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. "இந்த அரை எப்புடி வந்துச்சு?" அவ்வளவுதான். நாலு பேர் வாயே திறக்கவில்லை. ஐந்தாவது தர்ஷினி. அப்போது எனக்குப் பாடம் இல்லை. எதிர் மேசையில் கொப்பி திருத்துவதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தேன்.

"நான் யாரையும் பாக்கல டீச்சர்."

"தெரியும். எப்புடி வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

அவள், இவ்வளவு படித்தவருக்கு இது தெரியாதா என்கிற ஆச்சரியத்தோடு கேட்டாள்: "பதினஞ்சு கிலோ எடுத்தா எவ்வளவு போடுவாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதா டீச்சர்?"

"தெரியாதும்மா. எங்க வாப்பாக்குக் கடை. நீங்க சொல்லுங்க."

"பதினெட்டு எடுத்தா ஒரு பேரு டீச்சர். முழு நாள் சம்பளம். அதுக்குக் கொறஞ்சா அரைப் பேரு தான்."

"பதினஞ்சுக்கும் அரையா?"

"பதினஞ்சுக்கும் அரை, பத்துக்கும் அரை. நேத்து எங்க அம்மா பதினேழு. மழையில சறுக்கி விழுந்துட்டாங்க, அதான் ஒண்ணு கொறஞ்சிருச்சு. கொழுந்து நிறுக்குற கண்டாக்கையா அரை தான் போட்டாரு."

வழக்கமாக ஒரு பிழையின் வேர் கிடைத்தால் அவர் முகத்தில் வரும் பிரகாசம் அன்று வரவில்லை. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு கொப்பியை எடுத்து எழுதினார். தர்ஷினியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சேர், நீங்க நோர்வூட்டு ஆள் தானே, சுத்தி எல்லாம் தோட்டம். இது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது" என்றேன்.

என் அம்மா முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். ஒரு கை சரியாக மடங்காது. மாலையில் நிறுவை முடிந்து படியேறி வரும்போதே, முழுப் பேரா, அரைப் பேரா என்று அவர் நடையிலேயே எங்களுக்குத் தெரியும். அரை என்றால் நாங்கள் எதுவும் கேட்க மாட்டோம். அதைத்தான் நான் தெரியாது என்றேன். அந்த அறையில் நாலு ஆசிரியர்கள் இருந்தார்கள், எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான் காரணம். சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவர் தாள்களை அடுக்கிக்கொண்டு அதிபரிடம் போனார். ஏதோ பதிவேட்டில் ஒப்பம் வாங்குகிற சாக்கில் நானும் பின்னால் போனேன்.

"பிழை பிழைதானே டீச்சர்" என்றார் அதிபர்.

"பிழைதான் சேர். ஆனா களவு இல்ல."

"ஒன்பது பேருக்கும் ஒரே மாதிரியா?"

"ஒன்பது வீட்டிலயும் ஒரே மாதிரி தான் சேர் நடக்குது. நீங்களே வேற தோட்டத்துப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டுக் கேளுங்க."

அதிபர் நடைவழியில் போன ஏழாம் தரப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டார். பதினைந்து கிலோ எடுத்தால் எவ்வளவு என்று கேட்டார். அந்தப் பிள்ளை பயந்துபோய்க் கைகட்டிக்கொண்டு, "எங்க தோட்டத்துல பதினாறு சேர் எடுக்கணும். பதினஞ்சுன்னா அரைப் பேரு சேர்" என்றது. அதிபர் தாள் பறக்காமல் மேசை மேல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார், மறுபடி அதே இடத்தில் வைத்தார். "பெற்றோர் வரத் தேவையில்லை. வகுப்புக்குப் போகச் சொல்லுங்கள்" என்றார். அவரையும் நான் அன்றைக்கு மதித்தேன்.

புள்ளி கூட்டித் தரச் சொல்லி எப்புடி டீச்சர் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு ஒன்பது பேருக்கும் பூச்சியம்தான். மறுநாள் கரும்பலகையில் பதினெட்டுக் கட்டம் கீறி, பதினைந்தைத் தீட்டி, தர்ஷினியைக் கூப்பிட்டு, இது பாதியா என்று கேட்டார். பாதிக்குக் கோடு போடு என்றார். அவள் ஒன்பதாவது கட்டத்தின் ஓரத்தில் கோடு போட்டாள். கோட்டுக்கு அப்பால் தீட்டிய கட்டம் ஆறு இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு யாரும் சொல்லாமல், தானாகவே இன்னும் இரண்டு கட்டத்தைத் தீட்டினாள். அது அம்மாவின் பதினேழு என்று பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

"அப்ப இந்த எட்டும் எங்க டீச்சர் போச்சு?"

எல்லோரிடமும் எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தவர் அன்றைக்கு, "அது எப்புடி வந்துச்சுன்னு எனக்குத் தெரியல்லம்மா" என்றார். ஆனால் அந்த எட்டைப் பின்னத்தில் எழுதச் சொன்னார். பதினெட்டில் எட்டு, சுருக்கினால் ஒன்பதில் நாலு. அவள் சுருக்கினாள். அதற்குப் பிறகு பின்னத்தில் அவள் பிழை விட்டதாக எனக்குத் தெரியவில்லை. ஓ எல்லில் கணிதத்துக்கு சாதாரண சித்திதான், எஸ். அது போதும். உயர்தரத்துக்கு வந்து இப்போது கலைப் பிரிவில் இருக்கிறாள். அவளுடைய அப்பா பெறுபேறு வந்த அன்று மறுபடியும் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் வந்து நின்றார்.

அந்தப் பெறுபேறு வந்த கையோடு எப்புடி டீச்சருக்கு ஹட்டனுக்கே இடமாற்றம் கிடைத்தது. பதினோராம் தரம் மறுபடியும் எனக்கு வந்தது. கடைசி நாள் அந்தத் தடித்த கொப்பியை என் மேசையில் வைத்து, "இதுல இருக்கிற பிழை எல்லாம் திரும்பவும் வரும் சேர். வெச்சுக்கோங்க" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று படியிறங்கிப் போய்விட்டார்.

நான் உடனே திறந்து பார்க்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, பின்னத்தை மறுபடி சொல்லித்தர வேண்டியிருந்த நாளில் எடுத்துப் புரட்டினேன். தையல்கடை நாடாவின் பிழைகூட அதில் இருந்தது. அந்த நாளின் பக்கம் வந்தது. அரை, அரை, அரை என்று ஒன்பது வரி. பக்கத்தில் ஒன்பது பெயர். மூன்றாம் கட்டத்தில் தர்ஷினி சொன்னது சொன்னபடியே இருந்தது.

அதற்குக் கீழே பத்தாவதாக ஒரு வரி. விடை: தெரியாது. யார்: சேர். மூன்றாம் கட்டம் வெறுமையாக இருந்தது.

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். அதிக நேரம் ஆகவில்லை. பதினெட்டு என்ற எண்ணைக் கேள்வியில் போட்டவன் நான். கொழுந்துக் கணக்குத் தெரியாதவன் பத்தைப் போட்டிருப்பான், இருபதைப் போட்டிருப்பான். பதினெட்டைப் போட்டிருக்க மாட்டான். அவர் இதை அன்றைக்கே கண்டுபிடித்திருக்க வேண்டும். தையல்காரரிடம், அழுத பிள்ளையிடம், எல்லோரிடமும் கேட்ட அந்தக் கேள்வியை ஒன்றரை வருடம் எதிர் மேசையில் இருந்த என்னிடம் மட்டும் அவர் கேட்கவில்லை. இடத்தை மட்டும் விட்டு வைத்திருந்தார்.

வகுப்புக்கு மணி அடித்தது. நான் பேனாவைத் திறந்து அந்தக் கட்டத்தில் எழுதினேன்: என் அம்மாவுக்கு அநேக நாள் அரைப் பேர். பிறகு கொப்பியை மூடாமல் அப்படியே எடுத்துக்கொண்டு பதினோராம் தரத்துக்குப் போய், பத்து வரியையும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன்.